பழைய பெட்டியும் புதிய தேனீயும்

பழைய புத்தகம் வாங்கலாம். பழைய பாத்திரம் வாங்கலாம். பின்னாலிருந்து தள்ளுவதற்கு நாலு சிநேகிதர்கள் இருந்தால் பழைய மோட்டார் வண்டிகூடத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பழைய தேனீப் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு முன்னால் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழைய புத்தகத்தைக் கறையான் அரித்திருந்தால் நஷ்டம் நமக்கு மட்டுந்தான். பழைய பாத்திரம் ஒழுகினால் நம் வீட்டு அடுப்புத்தான் அணையும். பழைய தேனீப் பெட்டியினால் வரும் நஷ்டத்துக்கோ இறக்கை உண்டு. அது வேலியைத் தாண்டிப் பறந்து அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும்.

இந்த உண்மையை நாம் எந்தப் புத்தகத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கைப்பொருளைச் செலவழித்துத் தெரிந்துகொண்டோம். அதோடு, நமக்கு எவ்விதக் கெடுதலும் செய்யாத ஒரு பெரியவருடைய பொருளையும் செலவழித்துத் தெரிந்துகொண்டோம். தேனீ வளர்க்கலாமென்று எண்ணியிருக்கும் நேயர்களாவது அவ்விதம் செய்யாமலிருக்க வேண்டுமென்பதற்காகவே இந்தக் கதையைச் சொல்ல முன்வந்திருக்கிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வீட்டைச் சேர்ந்த தோட்டத்துக்கு 'விளை' என்று பெயர். விளையிலே தென்னை நிற்கும், பலா நிற்கும், வாழையும் மரச்சீனியும் நிற்கும். அவற்றுக்கு நடுவே, இடுப்பளவு உயரமுள்ள ஒரு காலின்மேல், சின்னஞ்சிறு மரப்பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். தபால் பெட்டியோ என்று புதிதாக வந்தவர்கள் மயங்குவார்கள். கிட்டப் போனால், கடிதம் போடுவதற்கான இடம் அதுவன்று என்பது உடனே விளங்கிவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. முற்காலத்தில் தேன் வேண்டுமானால் மரப்பொந்திலே புகை போட்டு, அடையைப் பிய்த்து, தேனோடு புழுக்களையும் சேர்த்துப் பிழிவார்கள். ஒரு படி தேனுக்காக ஒரு குடும்பமே அழியும். 1851-ம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரியாரான லாங்ஸ்டிராத் ஓர் உண்மையைக் கண்டார். தேனீக்கள் சுமார் 3/8 அங்குல இடைவெளியை மட்டும் அடைக்காமல், தாங்கள் நடமாடும் பாதையாக விட்டுவைக்கின்றன. அதற்குக் குறைந்தால் பிசினால் அடைத்துவிடுகின்றன. அதிகமானால் அங்கே அடை கட்டிவிடுகின்றன. இந்த அளவை வைத்துக்கொண்டு, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களையுடைய பெட்டியை அவர் அமைத்தார். ஆனால் அது மேனாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்பட்டது. நம் நாட்டுத் தேனீ உருவத்திலும் சிறியது, குடும்பமும் சிறியது. திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார், 1910-ஐ ஒட்டிய வருஷங்களில், நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை உண்டாக்கினார். அடியறையில் ஏழு சட்டங்கள். மேலே தேனுக்கு ஒரு குட்டையான அறை. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தில் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் தேனீ வளர்ப்பை ஏழைக் குடியானவர்களிடையே பரப்பினார். 1934-ம் வருஷத்தில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும் இதை ஒரு குடிசைத் தொழிலாக மேற்கொண்டது. நிலமில்லாதவனும் செய்யக்கூடிய விவசாயம் இது. உழவேண்டியதில்லை; தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. ஒரு தச்சரும் ஒரு பெட்டியும் இருந்தால் போதும்.

இந்தப் 'பெட்டி' என்ற இடத்திலேதான் நாம் தவறினோம்.

2019-ம் வருஷம் கார்த்திகை மாதத்தில் நமக்குத் தேனீ ஆசை வந்தது. அந்த ஆசைக்குக் காரணம் அடுத்த விளைக்காரர். எழுபது பிராயத்தைத் தாண்டியவர். இருபத்திரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர் விடும் தை, மாசி மாதங்களில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்புநீர் சுரக்கிறது. இந்தச் சீமையிலே தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. இலைக் காம்பிலிருந்து வருவது. பெரியவருடைய வருஷ வரும்படியில் பெரும்பங்கும் அந்த இரண்டு மாதங்களில்தான் சேரும். நமது ஆசையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பெட்டி கொண்டு வாங்க தம்பி. நாலு குடும்பம் நான் பிரிச்சுத் தாறேன்" என்றார்.

தச்சரிடம் விசாரித்தோம். புதுப் பெட்டிக்கு அவர் சொன்ன விலை நியாயமானதுதான். ஆனால் தை மாதத்துக்குள் முடித்துத் தர முடியாதென்று கையை விரித்துவிட்டார். இந்தச் சமயம் பார்த்து ஒரு தரகர் வந்து சேர்ந்தார். அவரிடம் பழைய பெட்டிகள் இருந்தன. புதுப் பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்குதான். மேலே நீல வர்ணம் புதிதாகப் பூசிப் பளபளவென்றிருந்தது. உள்ளே சட்டங்களில் பழைய அடைகள்கூட இருந்தன. "அடை கட்டுகிற வேலை தேனீக்கு மிச்சம். போட்ட மறுநாளே தேன் சேர்க்க ஆரம்பித்துவிடும்" என்றார் தரகர். உலகத்திலே சோம்பேறியின் காதுக்கு இதைவிட இனிமையான வார்த்தை வேறு உண்டா? பெட்டிகள் எங்கிருந்து வந்தன, அவற்றில் இருந்த தேனீக்கள் என்ன ஆயின என்று நாம் கேட்கவேயில்லை. நாலு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏதோ பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டவர்போல் வீடு திரும்பினோம்.

சுத்தம் செய்யாமலும் இல்லை. மூன்று பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் வெயிலில் வைத்தோம். நான்காவது பெட்டியின் மூலையில் கரப்பான்பூச்சி இருப்பதைக் கண்ட நம் சகதர்மிணி, வீட்டுத் தரையைக் கழுவும் ஃபினாயிலை எடுத்து அதைப் பிரமாதமாகக் கழுவிக் கொடுத்தாள். அந்தப் பெட்டியில் விட்ட தேனீக்கள் மூன்றாம் நாள் காலையில், ராணி உட்பட, ஒன்று பாக்கியில்லாமல் வெளியேறிப் பலாமரத்துக்கு மேலாகப் பறந்து மறைந்தன. நம் நாட்டுத் தேனீ பிடிக்காத வீட்டில் ஒருநாளும் தங்காது. அந்த விஷயத்தில் அதற்கு மனிதர்களைவிட ரோஷம் அதிகம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்கும்படியான சம்பவம் எதுவும் நடக்கவில்லை.

மாசி மாதத்தின் நடுவில் முதல் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முத்துப்போல் வெண்மையாக அறைக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய புழுக்கள், தலையை மேலே தூக்கியபடி நீட்டி விறைத்துக் கிடந்தன. ஒன்றை ஈர்க்கினால் எடுத்துப் பார்த்தால், தண்ணீர் நிரம்பிய சிறு பைபோல் தொங்கிற்று. சில நாளான புழுக்கள் காய்ந்து, இரு முனையும் தூக்கிய தோணிபோல் கறுத்திருந்தன. மூடிய அறைகளின் மூடிகளில் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டைகள் இருந்தன. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயில் அதிகமோ, எறும்புத் தொந்தரவோ என்று எண்ணிக்கொண்டு பெட்டியை மூடினோம். பத்து நாளில் அந்தக் குடும்பம் தேய்ந்து போயிற்று. தேன் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. 'இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெட்டியைத் திறந்தபடியே போட்டு வைத்தோம்.

நாம் செய்த பிழைகளுக்கெல்லாம் சிகரம் இதுதான். ஆளில்லாத வீட்டில் தேன் இருக்கிறதென்று தெரிந்தால் அக்கம்பக்கத்துத் தேனீக்கள் விடுமா? பெரியவருடைய தேனீக்கள் நம்முடைய பெட்டிக்குப் பகலெல்லாம் வந்து வந்து போயின. பாவம், அவை சுமந்து போனது தேன் மாத்திரமல்ல.

சித்திரை பிறப்பதற்குள் நம்முடைய மூன்று குடும்பங்களும் போயின. பெரியவருடைய இருபத்திரண்டில் ஒன்பது போயின.

நம்முடைய பெட்டியிலிருந்துதான் நோய் போயிற்று என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் பிரித்துக் கொடுத்த குடும்பங்கள் ஆரோக்கியமாக இருந்தன. அந்த வருஷம் அவர் வெளியிலிருந்து ஒரு பெட்டியும் கொண்டு வரவில்லை. மனச்சாட்சி என்ற கோர்ட்டிலே சாட்சியம் இதற்குமேல் வேண்டியதில்லை.

அவர் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நம் விளைக்கு வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பெட்டியில் முன்னால இருந்த ஈ என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

அன்று சாயங்காலம் அவர் அந்த நோயின் கதையைச் சொன்னார். 1976-ல் தாய்லாந்தில் முதன்முதலாக இனங்காணப்பட்டதால் அதற்குத் தாய் சாக்புரூட் என்று பெயர். அதை உண்டாக்குவது ஒரு வைரஸ். 1978-ல் மேகாலயத்தில் காணப்பட்டது. 1991-92-ல் தென்னாட்டில் புகுந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பத்துக் குடும்பங்களில் ஒன்பதுக்குமேல் அழிந்தன. மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெட்டிகள் எல்லாம் வெறும் பெட்டிகளாக நின்றன. இன்று நம் விளைகளில் உள்ள தேனீக்கள் அந்த அழிவில் தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததிதான். அந்த நோய்க்கு மருந்து இல்லை. ராணியைச் சில நாள் சிறையில் அடைத்து முட்டையிடாமல் செய்யலாம். நோயைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்து பெருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

"பழைய பெட்டி வாங்கினதைத் தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றார் பெரியவர். "என் பெட்டியிலே பாதி பழசுதான். கேட்காம வாங்கினதுதான் தப்பு."

அந்த நாலு பெட்டிகளின் சட்டங்களையும் அடைகளையும் அன்றிரவே குழி தோண்டி எரித்தோம். தேனீக்கள் கூடு அடைந்த பிறகுதான் இந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும். பகலில் செய்தால் தேன் வாசனைக்கு மறுபடியும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். சாம்பலின்மேல் மண்ணைத் தள்ளி மூடினோம். நல்ல மெழுகு எரியும் மணம் நெடுநேரம் காற்றில் நின்றது. அது பெரியவருடைய ஒன்பது குடும்பங்களின் ஈமக்கிரியையாகவே நமக்குத் தோன்றியது.

அடுத்த ஐப்பசியில் அவரே நம்மை ஓரிடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். மலையோரக் கிராமம் ஒன்றில், தனியாக வசித்துவந்த ஒரு வயதான அம்மாளின் வீடு. காலஞ்சென்ற கணவர் தேனீ வளர்த்தவர். அவருடைய பெட்டிகள் பதினைந்து, மச்சிலே அடுக்கப்பட்டிருந்தன.

வழியிலேயே பெரியவர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். பழைய பெட்டி வாங்கப் போகிறவர் கையில் மூன்று சாமான்கள் இருக்க வேண்டுமாம்: ஒரு பேனாக்கத்தி, ஒரு நல்ல நியூட்டன் சட்டம், தயக்கமில்லாத வாய். வாய், கேள்வி கேட்பதற்கு. இருந்த தேனீ விற்கப்பட்டதா, ஓடிப்போயிற்றா, செத்துப்போயிற்றா? செத்ததென்றால் புழு செத்ததா, ஈ செத்ததா? எவ்வளவு நாளாகப் பெட்டி காலியாயிருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால், இனாமாகக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.

சட்டம், அளவு பார்ப்பதற்கு. சட்டத்தை உள்ளே தொங்கவிட்டால் பக்கப்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் தேனீ நடக்க இடம் இருக்க வேண்டும், அதற்குமேல் இருக்கக்கூடாது. ஒவ்வொரு தச்சரும் தம் மனம்போல அளவு வைத்துச் செய்த பெட்டிகள் நாட்டில் நிறைய உலாவுகின்றன. ஒரு பெட்டியின் சட்டம் மற்றொன்றில் உட்காராவிட்டால் சட்டம் வைத்த பெட்டியினால் பிரயோஜனமே இல்லை. பத்துச் சட்டம் கொண்ட பெரிய லாங்ஸ்டிராத் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்கவும் கூடாது. அது இத்தாலியத் தேனீக்கு உரியது. நம் தேனீயை அதில் குடிவைப்பது, புதுத் தம்பதிகளைக் கலியாண மண்டபத்தில் தனிக்குடித்தனம் வைப்பது போலாகும்.

கத்தி, பலகையைக் குத்திப் பார்ப்பதற்கு. அடிப்பலகையிலும் மூலைகளிலும் குத்த வேண்டும். முனை சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. வர்ணத்துக்கு அடியிலும் சுரண்டிப் பார்க்க வேண்டும். புது வர்ணம் பழைய பெட்டிக்கு அழகு அல்ல, சந்தேகத்துக்கு இடம். மூட்டு விலகியிருக்கிறதா என்று பெட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து இடுக்குகளைப் பூசிவிடும். நம் தேனீ பூசுவதில்லை. ஆகையால் ஒவ்வோர் இடுக்கும் மெழுகு அந்துப்பூச்சிக்கு நாம் திறந்து வைத்த வாசல். கடைசியாக, பெட்டிக்குள் மூக்கை நுழைத்து முகர வேண்டும். பழைய மெழுகு மணம் நல்லது. புளித்த வாடையோ, அழுகல் வாடையோ, பூச்சிமருந்து நெடியோ வந்தால் எழுந்து வந்துவிட வேண்டியது.

மச்சிலிருந்து பெட்டிகளை இறக்கினோம். அயனி மரப் பலகை. தூசியும் பல்லி எச்சமும் தவிர வேறு குறையில்லை. கத்திமுனை எங்கும் இறங்கவில்லை. சட்டங்கள் மட்டும் ஒரு பெட்டியிலும் இல்லை. பெரியவர் ஒரு பெட்டியின் மூடியைத் திருப்பினார். உட்பக்கத்தில் பென்ஸிலால் எழுதியிருந்தது. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது:

"1992 தை. புழு நோயில் போயிற்று. சட்டம், அடை எல்லாம் எரித்தேன். பெட்டி சோடாவில் கழுவி வெயிலில் காய வைத்தேன்."

பதினைந்து மூடிகளிலும் ஏறக்குறைய இதே வாசகந்தான். அன்றைய தினம் அந்த மனிதர் பதினைந்து குடும்பங்களைப் பறிகொடுத்தவர். இனி யார் அந்தப் பெட்டியைத் தொடப் போகிறார்களென்றுகூட அவருக்குத் தெரியாது. இருந்தும், முகந்தெரியாத ஒருவன் பின்னால் வந்து திறக்கும்போது ஏமாறக்கூடாதே என்று எண்ணி, ஒவ்வொரு மூடியாகத் திருப்பி எழுதி வைத்திருக்கிறார். நம்மிடம் நீலப் பெட்டி விற்ற தரகரை நினைத்துக்கொண்டோம். ஆனால் அவரை நினைப்பதைவிட, கேளாமல் வாங்கிய நம்மை நினைத்துக்கொள்வதே அப்போது பொருத்தமாக இருந்தது.

அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விலையைப்பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "ஈ வைக்கத்தானே மக்களே? விறகுக்கு இல்லையே?" என்று கேட்டார்.

ஈ வைக்கத்தான் என்று சொன்னோம். ஆறு பெட்டிகள் எடுத்துக்கொண்டோம்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு மேற்பட்ட தூக்கத்தில் இருந்த பெட்டிக்கு இனி என்ன சுத்தம் வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். அந்த வைரஸ் அவ்வளவு காலம் காய்ந்த பலகையில் தங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்துப்பூச்சியின் முட்டையும், பல்லியும் கரப்பானும் விட்ட அசுத்தமும் வருஷக்கணக்குப் பார்ப்பதில்லை. எல்லா நோய்களும் சாக்புரூட் போல நாளடைவில் மாய்ந்துவிடுவதும் இல்லை. மேனாட்டுத் தேனீயைத் தாக்கும் அமெரிக்கன் ஃபௌல்புரூட் என்ற நோயின் வித்துக்கள் நாற்பது வருஷத்துக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். கொதிக்கும் தண்ணீருக்கும் அசையமாட்டா. அந்த நோய் கண்ட பெட்டியைப் புதிதாகத் தொடங்குபவர் சுத்தம் செய்யவே முயலக்கூடாது; எரித்துவிடுவதே உத்தமம். எந்தப் பெட்டிக்கு எந்தச் சரித்திரம் என்று முழுவதும் நம்பமுடியாத உலகத்தில், எல்லாப் பெட்டியையும் ஒரே விதமாகச் சுத்தம் செய்யும் வழக்கம் நல்லது என்றார் பெரியவர்.

முதல் காரியம், தேனீ வராத இடமாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்வது. நாம் வீட்டுக்குப் பின்புறம் மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொண்டோம். கீழே பழைய பத்திரிகைகளை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து, தட்டையான இரும்புத் தகட்டினால் சுரண்ட வேண்டும். மூலை, மூட்டு, சட்டம் உட்காரும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களிலும் பொறுமை தேவை. பழைய மெழுகும் பூச்சிக்கூடும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சுரண்டி எடுத்ததை ஒரு துணுக்கு விடாமல் பத்திரிகையோடு சுருட்டிக் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, சோடாத் தண்ணீர். ஐந்து லிட்டர் சூடான தண்ணீருக்கு ஒரு கிலோ சலவைச் சோடா. கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளாமல் இதைத் தொட்டால் தோல் உரியும். அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரம் கெடும். தேங்காய்நாரைக் கொண்டு உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். இங்கே ஃபினாயிலுக்கு வேலையில்லை என்பதை நம் சகதர்மிணியே எல்லோருக்கும் முன்னதாக எடுத்துச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, நெருப்பு. நன்றாகக் காய்ந்த பெட்டியின் உட்பக்கத்தை லேசாக வாட்ட வேண்டும். தென்னோலைச் சூட்டைக் கொளுத்திக் காட்டினால் போதுமே என்று ஒரு பெட்டியில் பரீட்சை செய்து பார்த்தோம். ஒரு மூலை கரியாயிற்று. மற்ற மூன்று மூலைகள் அப்படியே இருந்தன. நம்முடைய புருவத்தில் பாதி போயிற்று. பிறகு குழாய் வேலைக்காரர் ஒருவரிடம் ஊதுவிளக்கை இரவல் வாங்கினோம். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பலகை கருகக்கூடாது; ஒரே சீராகக் காப்பித்தூளின் நிறத்துக்கு வர வேண்டும். மூட்டுக்களில் எஞ்சியிருக்கும் மெழுகு உருகி நுரைத்து எரிவதைக் கண்ணால் காணலாம். அந்துப்பூச்சியின் முட்டையும் அதோடு ஒழிந்தது.

பிறகு விலகிய இடுக்குகளைத் தச்சரைக் கொண்டு இறுக்கி, வெளிப்பக்கத்துக்கு மாத்திரம் வெளிறிய வர்ணம் அடித்து, நெடி போகும்வரை இரண்டு வாரம் காற்றாட வைத்தோம். உட்பக்கத்துக்கு வர்ணம் கூடாது. சுத்தமான தேன்மெழுகை உள்ளே கொஞ்சம் தேய்த்துவைத்தால் தேனீக்குப் புது வீடு என்ற கூச்சம் குறையும். சட்டங்களை மட்டும் புதிதாகவே செய்துகொண்டோம். மரப்பெட்டியைச் சுத்தம் செய்யலாம்; அடையைச் சுத்தம் செய்ய முடியாது. தேனீக்குப் புதிதாக அடை கட்டும் சிரமம் உண்டுதான். ஆனால் அந்தச் சிரமத்திலிருந்து அதைக் காப்பாற்றுவதாக எண்ணித்தான் நாம் முன்பு மூன்று குடும்பங்களைக் கொன்றோம்.

கணக்குப் பார்த்தால், பெட்டியின் விலை, சோடா, தச்சர் கூலி, புதுச் சட்டம் எல்லாம் சேர்ந்து புதுப் பெட்டி விலையில் பாதிக்குச் சற்று மேலே ஆயிற்று. நம்முடைய ஒரு வார உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. நேர்மையாகச் சுத்தம் செய்த பழைய பெட்டி, தரகர் சொல்லும் அளவுக்கு மலிவாக ஒருபோதும் இராது. மலிவாக இருந்தால், அந்த மிச்சத்தை யாரோ ஒருவர் கொடுத்துத் தீர்க்கிறார் என்று அறிந்துகொள்ள வேண்டும். நம் விஷயத்தில் கொடுத்தவர் அடுத்த விளைக்காரர்.

சுயராஜ்யம் என்பது தன் வீட்டைத் தான் ஆளுவது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தேனீ வளர்க்கத் தொடங்கியவனுக்கு அதிலே இன்னொரு பாதி இருப்பது தெரிந்துபோகிறது. அவனுடைய தேனீ வேலியை அறியாது. தன் வீட்டுப் பெட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவன் அயலான் வீட்டுச் சுதந்திரத்திலும் கை வைக்கிறான்.

ஆறு பெட்டிகளும் தயாரானதும் குடும்பங்களுக்கு எங்கே போவதென்று தெரியாமல் நின்றோம். பெரியவரிடம் மறுபடியும் கேட்க நமக்கு நா எழவில்லை. மார்கழியில் ஒரு நாள் அந்தி மயங்கியதும் அவரே இரண்டு குடும்பங்களைத் துணியில் மூடிக் கொண்டுவந்து இறக்கினார். "பதிமூணு இருந்ததைப் பதினெட்டு ஆக்கியாச்சு. ரெண்டு இங்கே இருக்கட்டும்" என்றார். பணம் கொடுத்தபோது ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே குடியேற்றுவதற்கு முன்னால் பெட்டியின் மூடியைத் திருப்பினார். 1992-ம் வருஷத்து எழுத்து வெளிப்பட்டது. மூடியை மட்டும் நாம் நெருப்பில் வாட்டவில்லை. தேய்க்கவும் மனம் வரவில்லை. எழுத்தின்மேல் படாமல் சுற்றிலும் துடைத்து, நாலு நாள் கூடுதலாக வெயிலில் வைத்திருந்தோம். பெரியவர் காதிலே செருகியிருந்த பென்ஸிலை எடுத்து நம்மிடம் நீட்டினார். பழைய வரிக்குக் கீழே, வருஷம், மாதம், பெட்டி எங்கே வாங்கியது, எவ்விதம் சுத்தம் செய்தது, தேனீ யார் கொடுத்தது என்று எழுதினோம். நீலப் பெட்டிகளைப்பற்றியும் ஒரு வரி எழுதினோம்.

இன்னும் இரண்டு மூன்று பேர் எழுதுவதற்கு அந்த மூடியில் இடம் இருக்கிறது.